மூத்தம்மாவின் எழுத்தும் பேரப்பிள்ளையின் எழுத்தும்

மருதமுனையில் தொடங்கி கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே இறங்கும் கரையோரத் தெருவில் செல்பவருக்கு, பல இடங்களில் ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குவது தெரியாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே நெருக்கமான வீடுகள். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானபோது இவ்வூர்கள் அதன் கரையோரப் பகுதியாயின. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி இது. இடையிடையே தமிழ் ஊர்களும் உண்டு. சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு அவற்றுள் ஒன்று.

இக்கரையின் கவிஞர்களைப் பற்றியும் கதைஞர்களைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. அரசியலைப் பற்றி அதைவிட அதிகம் எழுதியாயிற்று. அதில் என் பங்கும் உண்டு. ஆனால் இவ்வூர்களின் வீடுகளில் சிறுபிள்ளைகள் எதை வாசித்தார்கள், எதைக் கேட்டு வளர்ந்தார்கள், அதை அவர்களுக்குத் தேர்ந்து கொடுத்தவர் யார் என்ற கேள்வியை நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் எழுப்பவில்லை. ஒரு பிள்ளையின் முதற் புத்தகம் எந்த எழுத்தில் இருக்கிறது, அதை வீட்டில் யாரால் வாசித்துக் காட்ட முடியும், அதிலுள்ள தாயை அந்தப் பிள்ளை என்ன சொல்லி அழைக்கிறது என்பவை இப்பிரதேசத்தில் சாதாரண விடயங்களாக இருந்ததில்லை.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பிரதேசத்தின் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் குடி என்பது தாய்வழியாகவே கணிக்கப்படுகிறது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழக்கம். பெற்றோர் மூத்த மகளுக்குத் தம் வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொள்வதும் உண்டு. எனவே இங்கு பிறக்கும் பிள்ளை உம்மாவின் வீட்டில், உம்மாவின் உம்மாவுக்கு அருகில், சாச்சிமாரின் கண்காணிப்பில் வளர்கிறது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி இந்தக் குடும்ப அமைப்பை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாசிப்பைப் பற்றி எழுதும் எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். பிள்ளைக்குக் கதை சொல்லும் வேலை இங்கே பெரும்பாலும் மூத்தம்மாவின் கையில் இருந்தது.

அந்த மூத்தம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று பழைய கணக்கெடுப்புகள் எளிதாக முடிவு கட்டிவிடும். அது முழு உண்மையாகாது. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதிருக்கலாம். குர்ஆனை ஓதுவதற்காகச் சிறுவயதிலேயே அரபு எழுத்தைக் கற்றிருந்தார். அந்த எழுத்தில் அச்சான தமிழை அவரால் தடையின்றி வாசிக்க முடிந்தது. அதுதான் அரபுத் தமிழ். அர்வி என்றும் வழங்குவர். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபில் இல்லாத ங, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மீதும் கீழும் கூடுதலான புள்ளிகளும் குறிகளும் இட்டு இந்த எழுத்து முறையை அமைத்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, கொழும்பு, காலி, கிழக்குக் கரை என நீரிணைக்கு இருபுறமும் இது வழங்கியது. மார்க்கச் சட்டங்களும் வரலாறுகளும் பாட்டுகளும் இவ்வெழுத்தில் கல்லச்சில் வந்தன. தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல் இந்த இலக்கியத்தின் பரப்பைக் காட்டுகிறது. அரபுத் தமிழை வளர்த்தவர்கள் ஆலிம்கள் என்றாலும், அதை அன்றாடம் வாசித்து உயிரோடு வைத்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்களே என்பது என் கருத்து. ஆண்கள் சந்தைக்கும் கச்சேரிக்கும் போனார்கள். அங்கே தமிழ் எழுத்தும் பின்னர் ஆங்கிலமும் தேவைப்பட்டன. வீட்டில் இருந்தவர்களுக்கு வீட்டு எழுத்துப் போதுமாயிருந்தது.

அந்த எழுத்தில் அவர்கள் வாசித்தவை என்னென்ன? மாலைகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், மசலாக்கள். பெண்புத்தி மாலை போன்றவை பெண்களுக்கு அறிவுரை கூறுவன. அவை எல்லாமே இன்றைய பெண்கள் ஒப்புக்கொள்ளக்கூடிய அறிவுரைகள் என்று சொல்ல மாட்டேன். மசலாக்களோ பிள்ளைகளை ஈர்க்கும் வகையைச் சேர்ந்தவை. மசலா என்றால் கேள்வி. 1572இல் அரங்கேறியதாகக் கருதப்படும் ஆயிரம் மசலா, இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் மிகப் பழையது. வினாவும் விடையுமாக அமைந்த நூல். நூறு மசலாவில் ஓர் இளவரசி தன்னை மணக்க வருபவனிடம் வரிசையாகப் புதிர் போடுகிறாள். விடுகதைக்கு ஏங்காத பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது? பெரியவர்களின் பக்திக்காக எழுதப்பட்ட நூல், மடியில் கிடந்த பிள்ளைக்குக் கதைப் புத்தகமாயிற்று. சிறுவர் இலக்கியம் என்ற தனிப் பெயர் தோன்றுமுன் உலகின் பெரும்பாலான சமூகங்களில் நடந்தது இதுதான். இங்கிலாந்தின் பிள்ளைகள் ரொபின்சன் குரூசோவைத் தமதாக்கிக்கொண்டதும் இவ்வாறுதான். டீஃபோ அதை 1719இல் பிள்ளைகளுக்காக எழுதவில்லை.

கிதாபு என்று வீட்டில் அழைக்கப்பட்ட அந்த நூலைத் துணியில் சுற்றி உயரத்தில் வைத்திருப்பார்கள். அதை எடுக்கும் நாளும் நேரமும் உண்டு. ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றவர்கள் பன் இழைத்தபடியோ நூல் சுற்றியபடியோ கேட்பார்கள். மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். தறி வீட்டிலேயே இருந்ததால் உழைப்பும் கேள்வியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. இத்துடன் எழுதாக் கவிகளும் இருந்தன. தாலாட்டை இப்பகுதியில் ஓராட்டு என்பார்கள். காதலையும் பிரிவையும் வயற்காவலையும் பாடும் நாட்டார் கவிகள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தனிச் செல்வம். நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ். முத்துமீரான் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றைத் தேடித் தொகுப்பதில் செலவிட்டார். அவர் அதைச் செய்யாவிட்டால் பல கவிகள் அவற்றைப் பாடிய மூதாட்டிகளோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

இனி மற்ற எழுத்துக்கு வருவோம். தமிழ் எழுத்தில் அமைந்த பாடப் புத்தகம் இக்கரைக்கு மிஷனரிமாரின் பாடசாலைகளின் வழியாக வந்தது. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலை இருந்தது. விபுலாநந்தரும் சிறுவயதில் அங்கு படித்தவரே. முஸ்லிம் பெற்றோர் பலர் பிள்ளைகளை அங்கு அனுப்பத் தயங்கினார்கள். பாடத்தோடு மதமும் வரும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. அதே அச்சம் யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் அதற்குக் கண்ட விடை பாலபாடம். 1850இலிருந்து அவர் வெளியிட்ட பாலபாடங்கள், மிஷன் வாசகப் புத்தகங்களின் அமைப்பை எடுத்துக்கொண்டு அதில் சைவத்தை நிரப்பின. தெளிவான வசனத்துக்கு இன்றும் அவை எடுத்துக்காட்டு. ஆனால் சாய்ந்தமருதுப் பிள்ளைக்கு மிஷன் புத்தகமும் அயல், நாவலர் புத்தகமும் அயல். மொழி மட்டும் தன்னுடையது.

இந்த இக்கட்டை முதலில் முழுமையாக உணர்ந்தவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் மு. கா. சித்திலெப்பை. 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் அசன்பே சரித்திரம் என்ற நாவலை எழுதியவர். முஸ்லிம் பிள்ளைகளுக்கான பாடசாலைகளையும், பெண் பிள்ளைகளின் கல்வியையும் வற்புறுத்தியவர். பிள்ளைகள் அரபு கற்கப் பாடநூல்களும் செய்தார். அசன்பே சிறுவர் நூலாக எழுதப்பட்டதன்று. ஆயினும் குழந்தையாயிருக்கும்போது கடத்தப்பட்ட ஒருவன் பல நாடுகளில் அலைந்து தன் பிறப்பை அறியும் கதை, வளர்ந்த பிள்ளைகளை விடாது இழுக்கும். அதைச் சுருக்கிப் படங்களோடு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பதிப்பாக நம் பதிப்பாளர்கள் பரவலாகக் கொண்டுசெல்லாதது எனக்கு நீண்டநாள் மனக்குறை.

கிழக்கில் நிலைமை மாற இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1949இல் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியால் கல்முனையில் ஸாஹிரா தோன்றியது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை ஊருக்கு ஊர் ஆசிரியர்களை அனுப்பியது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த 1970-77 காலத்தில் முஸ்லிம் பாடசாலைகள் பெருகின. கல்முனையில் 1971இல் தொடங்கிய மகளிர் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆசிரியத் தொழில் இக்கரையின் கௌரவத் தொழிலாயிற்று. பெண்கள் பெருந்தொகையில் அத்தொழிலுக்கு வந்தார்கள். தமிழ் எழுத்தில் சரளமாக வாசிக்கும் உம்மாக்களின் தலைமுறை இவ்வாறு பிறந்தது.

இது பெரிய வெற்றி. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த வெற்றிக்குள்ளேயே ஓர் இழப்பும் நடந்தது. ஆசிரியையான மகள் தன் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் புத்தகத்தை வாசித்தாள். அதே வளவில் இருந்த மூத்தம்மாவால் அந்தப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரி சொல்ல முடியவில்லை. மூத்தம்மாவின் கிதாபைப் பேரப்பிள்ளையால் எழுத்துக் கூட்டி ஒலிக்க முடிந்திருக்கலாம். குர்ஆன் மத்ரஸாவில் அதே அரபு எழுத்தைத்தான் அதுவும் கற்றது. ஆயினும் கூடுதல் புள்ளிகளின் பொருளை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஒரே மொழியைப் பேசும் பாட்டியும் பேத்தியும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் வாசிக்க இயலாதவர் ஆனார்கள். துருக்கியில் 1928இல் அரசு ஆணையிட்டு எழுத்தை மாற்றியபோது இதே பிளவு நேர்ந்தது. அதை உலகமே எழுதியது. இங்கே ஆணையிட்டவர் எவருமில்லை. ஆகவே எவரும் கவனிக்கவுமில்லை.

ஆசிரியைகளான அந்த உம்மாக்கள் எந்தப் புத்தகத்தைத் தேர்ந்தார்கள் என்றால், கிடைத்ததைத் தேர்ந்தார்கள். 1947இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா கல்முனைக் கடைகளுக்கு வந்தது. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம், மாலைகளும் மவ்லிதுகளும் ஒலித்த வீடுகளில் எந்தச் சங்கடமுமின்றிக் கிடந்தது. கதையைக் கதையாக எடுத்துக்கொள்ளும் பக்குவம் அன்றைய பெரியவர்களிடம் இருந்தது என்றே இதற்குப் பொருள் கொள்கிறேன். வேதாளம் கேட்ட கேள்விக்கும் நூறு மசலாவின் இளவரசி கேட்ட கேள்விக்கும் உள்ள உறவைப் பிள்ளைகள் அறிஞர்களுக்கு முன்பே கண்டுகொண்டிருப்பார்கள். பின்னர் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதன் இரும்புக்கை மாயாவியை உம்மாக்கள் தேர்ந்ததில்லை. பிள்ளைகள் தாமே தேர்ந்து பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். வானொலியில் சிறுவர் மலரும் முஸ்லிம் நிகழ்ச்சியும் இருந்தன. இரண்டுக்கும் வீடே கூடியிருந்து காது கொடுத்தது.

1970களின் தொடக்கத்தில் அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டு எழுத்துக்கு அது உரம் என்று முற்போக்காளர்கள் வரவேற்றார்கள். பெரியவர்களுக்கான எழுத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. பிள்ளைகளைப் பொறுத்தவரை வெற்றிடமே மிஞ்சியது. அந்த வெற்றிடத்தில் பெரும்பகுதியை நிரப்பியது, சற்றும் எதிர்பாராத வகையில், மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் தமிழில் அச்சிட்ட சிறுவர் நூல்கள் நல்ல தாளில், வண்ணப் படங்களோடு, நம்ப இயலாத மலிவு விலையில் வந்தன. அவற்றுள் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய அப்பா சிறுவனாக இருந்தபோது என்ற நூலை மட்டும் தனியே சொல்ல விரும்புகிறேன். நோயுற்றுப் படுத்திருந்த தன் மகளுக்கு, தான் சிறுவனாயிருந்தபோது செய்த குறும்புகளையும் பட்ட அவமானங்களையும் ரஸ்கின் சொன்னார். அந்தக் கதைகளே நூலாயின. தமிழாக்கியவர் நா. முகம்மது செரீபு. எங்கோ பனிநாட்டில் ஒரு தகப்பன் தன் மகளுக்குச் சொன்னதை, கல்முனைக்குடியில் ஒரு வாப்பா தன் மகனுக்கு வாசித்துக் காட்டினால், அடுத்த இரவு மகன் என்ன கேட்பான்? நீங்கள் சிறுவனாக இருந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பான். அச்சிட்ட கதையிலிருந்து வீட்டுக் கதைக்கு வாசல் திறக்கும் புத்தகங்கள் மிகச் சிலவே. அது அவற்றுள் ஒன்று.

ஒரு முறை சாய்ந்தமருதில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது, உள்ளே ஓர் உம்மா சின்னப் பிள்ளைக்கு இந்தியச் சிறுவர் சஞ்சிகை ஒன்றை வாசித்துக் காட்டுவதைக் கேட்டேன். புத்தகத்தில் அம்மா என்று இருந்த இடத்திலெல்லாம் அவர் உம்மா என்றே வாசித்தார். அப்பா வாப்பாவானார். பாட்டி மூத்தம்மாவானார். தயக்கமோ இடறலோ இல்லை. பின்பு அவரிடம் கேட்டபோது, தாம் அப்படிச் செய்வதே தமக்குத் தெரியாதவர்போல் சிரித்தார். அதன்பின் வேறு வீடுகளிலும் இதைக் கவனித்திருக்கிறேன். புத்தகத்தைத் தேர்வதற்கு வாய்ப்பில்லாதவர்கள் சொல்லைத் தேர்ந்தார்கள்.

பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கியதும் அந்தத் திரை விலகிவிடுகிறது. புத்தகத்தில் உம்மா இல்லை, அம்மாதான் இருக்கிறாள் என்று அது கண்டுகொள்கிறது. அமெரிக்காவின் கறுப்பினப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்த ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. பிள்ளைக்குப் புத்தகம் பிறர் வாழ்வைக் காட்டும் சாளரமாகவும், தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தென்கிழக்குக் கரையின் பிள்ளைகளுக்குச் சாளரங்களுக்குக் குறைவேயில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை அவர்களும் பாடசாலையில் படித்தார்கள். ஆடிக்கூழ் காய்ச்சாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூழின் மணம் தெரிந்தது. அது நல்லதே. நோன்புக் கஞ்சிக்கும் அவ்வாறு ஒரு பாட்டு எல்லாப் பிள்ளைகளின் நாவிலும் ஏறியிருந்தால், ஆடிக்கூழ் காய்ச்சும் வீட்டுப் பிள்ளைக்கும் அது சாளரமாயிருக்கும்.

இங்கே இக்கரையின் எழுத்தாளர்கள்மீது எனக்குள்ள ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். கல்முனை சாதாரண இலக்கிய ஊரன்று. நீலாவணன் இங்கிருந்து இளங்கவிகளை வளர்த்தார். எம். ஏ. நுஃமான் 1969-70இல் கவிஞன் இதழை நடத்தினார். வாசகர் சங்கத்தின் பெயரில் இவ்வூரிலிருந்து வெளிவந்த நூல்கள் ஈழத்துக் கவிதையின் போக்கையே பாதித்தன. மருதமுனையில் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் மரபுக் கவிதையில் தோய்ந்திருந்தார். மருதூர்க்கொத்தன் கதைகள் எழுதினார். 1977இல் வந்த நுஃமானின் நெடுங்கவிதைத் தொகுதிக்குத் தாத்தாமாரும் பேரர்களும் என்றே பெயர். தலைமுறைகளைப் பற்றி இவ்வளவு சிந்தித்த ஒரு வட்டாரம், அந்தப் பேரர்களின் கையில் கொடுக்கத்தக்க சிறுவர் நூல்களைத் தன் கவிதைக்கு ஈடான அளவில் ஆக்கவில்லை. எழுதியவர்கள் இல்லாமலில்லை. பத்திரிகைகளின் சிறுவர் பகுதிகளில் பாட்டும் கதையும் வந்துகொண்டுதான் இருந்தன. அவை நூலாகவில்லை, நூலானவை மறுபதிப்புக் காணவில்லை. இருநூறு பிரதி அச்சிட்டு வெளியீட்டு விழாவில் முக்கியஸ்தர்களுக்கு வழங்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த முக்கியஸ்தர்களில் எட்டு வயதுப் பிள்ளை எவருமில்லை.

1980களிலிருந்து பல திசைகளிலும் கதவுகள் மூடின. சமயச் சீர்திருத்த இயக்கங்கள் மாலைகளையும் மவ்லிதுகளையும் கேள்விக்குள்ளாக்கின. அந்த விவாதத்தின் மார்க்க நியாயங்களில் நான் தலையிட விரும்பவில்லை. அதற்கு எனக்குத் தகுதியுமில்லை. ஆயினும் பாடுவதை நிறுத்தியவர்கள் நூலையும் பேணாமல் விட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு கிதாபை ஓதாமல் விடலாம். செல்லுக்கு இரையாக்க வேண்டியதில்லை. 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அந்த நெருப்பைப் பற்றி அதிகம் பேசப்பட்ட தமிழ்க் கவிதை, புத்தரின் படுகொலை, கல்முனைக்குடியில் பிறந்த நுஃமான் எழுதியது. 1985இல் தமிழ் முஸ்லிம் கலவரம், 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகள், அவற்றின் பதிலடிகள். பக்கத்து ஊரின் வாசிகசாலைக்குப் பிள்ளையை அனுப்புவதே யோசிக்க வேண்டிய செயலாயிற்று. உம்மா என்ற சொல்லும் அம்மா என்ற சொல்லும் ஒரே மொழியின் இரு சொற்களாக இருந்த நிலை மாறி, இரு தரப்பின் அடையாளச் சீட்டுகளாயின. அயலூர்ப் பிள்ளையின் புத்தகத்தை இரவல் வாங்கி வாசித்தல் என்ற எளிய காரியம் ஒரு தலைமுறைக்கு இல்லாமற் போனது. 1991இல் சோவியத் ஒன்றியமும் மறைந்தது. மாஸ்கோப் புத்தகங்களின் வரவு முடிந்தது.

பின்பு 2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை, பாடசாலை விடுமுறைக் காலம், பிள்ளைகள் வீட்டிலும் கரையிலும் இருந்த நேரம். இலங்கையில் ஆழிப்பேரலையால் அதிக உயிர்கள் பலியான மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகள் அடித்தளம் மட்டும் மிஞ்ச அழிந்தன. மனிதர்களை இழந்த இடத்தில் தாளைப் பற்றிப் பேசுவது பொருந்தாது என்று அன்று எவரும் அதைப் பேசவில்லை. இன்று பேசலாம் என நினைக்கிறேன். துணியில் சுற்றி உயரத்தில் வைத்திருந்த கிதாபுகள், அறுபதுகளின் அம்புலிமாமாக்கள், மாஸ்கோப் படப்புத்தகங்கள், ஆசிரியைகள் கைப்பட எழுதிவைத்த பாட்டுக் கொப்பிகள் கடலோடு போயின. நூலகத்தில் எரிந்தவற்றுக்காவது ஒரு பட்டியல் நினைவில் உண்டு. வீடுகளில் இருந்தவற்றுக்கு அதுவும் இல்லை. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் கட்டக் கூடாது என்ற விதியால் பல குடும்பங்கள் வேறிடங்களுக்குச் சிதறின. மூத்தம்மாவும் மகளும் ஒரே வளவில் இருந்த அமைப்பு அப்போது பல இடங்களில் கலைந்தது.

அழிவின் பின் உதவியும் வந்தது. ரூம் டு ரீட் நிறுவனம் 2005இல் இலங்கையில் பணி தொடங்கி, சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் கதைகளை உள்நாட்டு எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு வெளியிட்டது. அதே 2005இல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் ஆரம்பமாயிற்று. ஈழத்து முஸ்லிம்களின் எழுத்துகளையும் அது ஆவணப்படுத்தி வருகிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் கதைகளை மாற்றி எழுதிப் பதிப்பிக்கவும் அனுமதி உண்டு. சாய்ந்தமருது உம்மா வாய்மொழியாகச் செய்ததை இப்போது எழுத்திலேயே செய்யலாம். அம்மாவை உம்மாவாக்கிய ஒரு பதிப்பை ஏற்றி வைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆண்டுதோறும் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பாடசாலைகளில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு. பரிசாகக் கிண்ணமும் சான்றிதழும் கொடுக்கிறார்கள். புத்தகம் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் பிள்ளையிடம் கேட்டுக் கொடுப்பவர்கள் அரிது. இப்பகுதியின் பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்காக எதையும் விற்கக்கூடியவர்கள். அதே பெற்றோர் புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பை வாங்கும் வேகத்தில் கதைப் புத்தகத்தை வாங்குவதில்லை. ஐந்தாந்தரப் பரீட்சை முடியும் வரை கதை வேண்டாம் என்கிறார்கள். அதன் பின் சாதாரண தரம், உயர்தரம். வசதியுள்ளவர்கள் ஆங்கிலப் படப்புத்தகங்களுக்கு மாறுகிறார்கள். அவற்றில் மம்மி இருக்கிறாள். உம்மா மறுபடியும் இல்லை.

அண்மையில் இக்கரையில் சந்தித்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் செய்துவரும் காரியத்தைக் குறிப்பிட வேண்டும். தம் உம்மாவிடமிருந்து தப்பி எஞ்சிய ஒரு கிதாபை நாளுக்கு இரண்டு பக்கமாகத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுகிறார். இடது பக்கத்தில் அரபுத் தமிழ், வலது பக்கத்தில் தமிழ். கூடுதல் புள்ளிகளின் ஒலிகளை முதற்பக்கத்தில் அட்டவணையாக வரைந்திருக்கிறார். மத்ரஸா முடிந்து வரும் பேத்தி அதை வைத்துக்கொண்டு இடது பக்கத்தை வாசித்துப் பார்க்கிறாள். தவறும் இடத்தில் வலது பக்கத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறாள். சில சொற்களின் பொருள் ஆசிரியைக்கே தெரியவில்லை. அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ அச்சொற்களை அறிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. நான் பார்த்தபோது அந்தக் கொப்பியில் நாற்பத்திரண்டு பக்கங்கள் நிறைந்திருந்தன.